ஜிக்கில் பாஸ் பிடிக்க: கடியை அறிவதும் முள்ளைப் பதிப்பதும்

தக்கை போட்டுப் பழகிய கைக்கு ஜிக், அதாவது கனமான உலோகத் தலை வைத்த தூண்டில் முள், முதலில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருக்கும். தக்கை அமுங்கினால் மீன், அமுங்காவிட்டால் இல்லை. அங்கே சந்தேகத்துக்கு இடமே கிடையாது. ஜிக்கில் மேலே மிதந்து சாட்சி சொல்ல எதுவும் இல்லை. கனமான தலை நேரே அடிக்குப் போகிறது. கல்லில் முட்டுகிறது, கட்டையில் ஏறி இறங்குகிறது, பாசியில் புதைகிறது. அத்தனையும் கைக்கு வந்து சேர்கிறது. அந்த இரைச்சலுக்கு நடுவே பாஸ் என்ற நன்னீர் மீனின் கடி ஒரு சின்னத் தட்டலாக வந்து போய்விடும். சில சமயம் தட்டல்கூட இருக்காது.

புதிதாக வருகிறவர்கள் ஒரு பெரிய இழுப்புக்காகக் காத்திருக்கிறார்கள். அது வருவதற்குள் பல நேரம் மீன் ஜிக்கைத் துப்பிவிட்டிருக்கும். நீங்கள் தேட வேண்டியது மாற்றத்தை. மீன் தொடாதபோது உங்கள் ஜிக் எப்படி இறங்கும், எப்படி நகரும், எவ்வளவு கனக்கும் என்பது கைக்கு மனப்பாடமாகிவிட்டால், அதிலிருந்து எது விலகினாலும் உடனே தெரியும்.

பாஸ் எப்படி வாயில் எடுக்கிறது

பெருவாய் பாஸ் இரையைப் பெரும்பாலும் கடித்துப் பிடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயையும் செவுள் மூடிகளையும் ஒரே நேரத்தில் படாரென விரிக்கும். உள்ளே அழுத்தம் குறையும். எதிரில் இருக்கும் தண்ணீர் இரையோடு சேர்ந்து உள்ளே பாயும். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். கையில் விழும் அந்த ‘டக்’ என்ற தட்டல், ஜிக் திடீரென மீனின் வாய்க்குள் இடம் மாறியதால் வருவது. பிடிக்காவிட்டால் துப்புவதும் அதே வேகத்தில்தான்.

இதில் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒன்று, மீன் ஜிக்கை எடுத்துக்கொண்டு உங்கள் பக்கமாகவே வந்தால் லைன் (தூண்டில் நரம்பு) இறுகாது, தளரும். கனம் கூடுவதைப் போலவே கனம் குறைவதும் கடிதான். இரண்டு, லைன் விறைப்பாக இருந்தால் உறிஞ்சும் தண்ணீரோடு ஜிக் போக முடியாது. மீன் வாய் திறந்தும் ஜிக் பாதிதான் உள்ளே போகும். ஆகவே ஜிக் இறங்கும்போதும் நிற்கும்போதும் லைனில் கொஞ்சம் தளர்வு வேண்டும். எவ்வளவு என்பதுதான் இந்தக் கலையின் பாதி. தண்ணீரைத் தொடும் இடத்தில் லைன் லேசாகத் தொய்ந்து வளைந்திருந்தால் சரியான அளவு. தண்ணீர் மேல் சுருண்டு கிடந்தால் அதிகம்.

கருவிகள்

7 அடி முதல் 7 அடி 4 அங்குலம் வரை நீளமுள்ள, மீடியம் ஹெவி அல்லது ஹெவி வலுவுள்ள கிராஃபைட் ராட் (தூண்டில் கோல்) போதும். ஆக்‌ஷன் ஃபாஸ்ட் ஆக இருக்கட்டும். நுனி மட்டும் வளைந்து கீழ்ப்பகுதி விறைப்பாக நிற்பது. அந்த விறைப்பில்தான் முள் பதியும். கிராங்க்பெயிட் என்ற மீன் வடிவப் போலி இரைக்கு வாங்கிய தொளதொள ஃபைபர்கிளாஸ் ராடில் ஜிக் போட்டால் தட்டலும் தெரியாது, முள்ளும் ஏறாது.

ரீல் (லைனைச் சுற்றி எடுக்கும் கருவி) பெயிட்காஸ்டிங் வகை, அதாவது ராடின் மேல்புறம் உட்காருவது; கியர் விகிதம் 7:1 அல்லது அதற்கு மேல். ஒரு சுற்றுக்குச் சுமார் 70 சென்டிமீட்டர் லைன் உள்ளே வரும். மீன் உங்களை நோக்கி வரும்போது தளர்வை அள்ள இந்த வேகம் தேவைப்படும்.

லைன் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கல்லும் திறந்த தரையும் உள்ள இடத்துக்கு 15 முதல் 17 பவுண்டு இழுவிசை தாங்கும் ஃப்ளோரோகார்பன் (ஒற்றை இழைப் பிளாஸ்டிக் லைன்), கட்டைகள் நிறைந்த இடத்துக்கு 20 பவுண்டு. அடர்ந்த செடிக்குள் என்றால் 50 முதல் 65 பவுண்டு பிரெய்ட் (மெல்லிய இழைகளைப் பின்னிய லைன்). ஃப்ளோரோகார்பன் நீளவே நீளாது என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள், நீளும். அதன் பலம் வேறு. தண்ணீரைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு அடர்த்தி என்பதால் மூழ்குகிறது. ஜிக்குக்கும் ராட் நுனிக்கும் நடுவே லைன் பெரிதாக மேல்நோக்கி வளைந்து நிற்பதில்லை, தட்டல் நேராக வருகிறது. பிரெய்ட் கிட்டத்தட்ட நீளாது, ஆனால் மிதக்கும். காற்றில் பட்டம் போல வளையும். கிட்டத்தில் போட்டு நேராக இறக்கும்போது அது ஒரு குறையே அல்ல. சாதாரண நைலான் நன்றாக நீளும், ஜிக்குக்கு வேண்டாம்.

ஜிக்கின் எடை 1/2 அவுன்ஸில், அதாவது 14 கிராமில், தொடங்குங்கள். பலரும் ‘இயற்கையாக இறங்கட்டும்’ என்று லேசான ஜிக்கில் ஆரம்பித்து, அடி எங்கே என்றே தெரியாமல் ஒரு நாளை வீணாக்குவார்கள். 2 முதல் 5 மீட்டர் ஆழத்துக்கு 14 கிராம் தெளிவாகப் பேசும். கை பழகியபின் ஆழம் குறைந்த இடத்துக்கு 3/8 அவுன்ஸுக்கு இறங்கலாம். காற்றும் ஆழமும் கூடினால் 3/4 அவுன்ஸுக்கு ஏறலாம். ஈயத்தைவிட டங்ஸ்டன் அடர்த்தியும் கடினமும் அதிகம். அதே எடைக்குச் சிறிய தலை. கல்லில் பட்டால் ஈயத்தைவிடக் கூர்மையாகக் கையில் சொல்லும். விலைதான் கடிக்கும். ஈய ஜிக்குகளுக்குச் சில இடங்களில் சட்டத் தடை உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் நீர்ப்பறவைகளைக் காப்பதற்காக 1 அவுன்ஸ் வரையுள்ள ஈய ஜிக்குகளை நன்னீரில் பயன்படுத்தக் கூடாது. மீன் பிடிக்கப் போகும் நீர்நிலையின் விதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டிலிருந்து எடுத்த ஜிக்கை அப்படியே கட்டாதீர்கள். முள்ளை மறைத்து நிற்கும் வீட் கார்ட் என்ற நார்க்கற்றை கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் மிக விறைப்பாக இருக்கும். கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். எளிதாக மடங்கி முள் நுனி விரலில் பட வேண்டும். மடங்க மறுத்தால் அடியோடு ஐந்தாறு நார்களை வெட்டி எடுங்கள். மிச்சத்தை முள் நுனிக்கு மேல் 3 முதல் 5 மில்லிமீட்டர் மட்டும் நீட்டி நிற்கும்படி கத்தரித்து, இரண்டு பக்கமாக விசிறி விடுங்கள். அடுத்து முள்: நகத்தின் மேல் சாய்வாக வைத்து லேசாக இழுங்கள். வழுக்கினால் மொட்டை, பிடித்துக்கொண்டால் கூர். மொட்டை முள்ளைச் சிறிய அரத்தால் நுனியை நோக்கித் தீட்டுங்கள்.

முதல் அரை மணி: மீனை மறந்துவிடுங்கள்

ஆழம் தெரிந்த இடத்தில், படகுக்குப் பக்கத்திலோ மேடையிலிருந்தோ, ஜிக்கை நேராக இறக்கி மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று ஒரே சீராக எண்ணுங்கள். 4 மீட்டர் ஆழத்தில் ஐந்து எண்ணும்போது அடியைத் தொட்டது என்று வைத்துக்கொள்வோம். பத்து முறை இறக்கினாலும் ஐந்துதான் வர வேண்டும். இனி அதே ஆழத்தில் மூன்றில் நின்றால் அதை நிறுத்தியது யார் என்ற கேள்வி தானே வரும். டிரெய்லரை, அதாவது ஜிக்கின் முள்ளில் கோக்கும் மென்பிளாஸ்டிக் போலி இரையை, மாற்றினால் எண்ணிக்கையும் மாறும். அகலமான கொடுக்கு உள்ளது மெதுவாக இறங்கும், ஒல்லியானது விரைவாக. மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு தடவை எண்ணிக்கொள்ளுங்கள்.

பிறகு அடியில் இழுத்துப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தால் இன்னும் நல்லது. சரளைக்கல் ‘கரகர’ என்று தொடர்ந்து உரசும். பெரிய பாறை ‘டொக்’ என்று ஒரே இடி, பிறகு ஜிக் ஏறி இறங்கும். களிமண்ணும் சேறும் சத்தமே இல்லாத பிசுபிசுத்த கனம்; இழுக்கும் வேகத்துக்கு ஏற்றபடி சீராக விட்டுக்கொடுக்கும். மூழ்கிய கட்டையில் கனம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், உச்சிக்கு வந்ததும் ‘தொப்’பென்று விடுபடும். செடியில் ரப்பரை இழுப்பது போல நீண்டு, பிறகு பிய்த்துக்கொண்டு வரும். இந்த ஐந்தையும் பார்க்காமலே சொல்ல வந்துவிட்டால் கடியைக் கண்டுபிடிக்கும் வேலையில் பெரும்பகுதி முடிந்தது. மீன் இந்த ஐந்தில் எதைப் போலவும் அப்படியே இருக்காது.

தண்ணீருக்குப் போக முடியாத நாளில் தரையிலும் இதைச் செய்யலாம். ஒரு பழைய ஜிக்கின் முள்ளைக் குறட்டால் வெட்டிவிட்டு, புல், சிமெண்ட் தரை, கூழாங்கல், மரப்பலகை என்று மாற்றி மாற்றி இழுங்கள். கூட ஒருவர் கிடைத்தால் இன்னும் பயனுள்ள பயிற்சி ஒன்று உண்டு. அவர் 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்து அந்த மொட்டை ஜிக்கை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் லைனை லேசாகத் தொய்வாக வைத்துக் கண்ணை மூடுங்கள். அவர் சில முறை விரலால் தட்ட வேண்டும், சில முறை மெல்ல எடுத்து 10 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும், சில முறை உங்களை நோக்கிக் கொண்டுவர வேண்டும். எது நடந்தது என்று நீங்கள் சொல்ல வேண்டும். மூன்றாவதைக் கண்ணை மூடியபடி கண்டுபிடிப்பது மிகக் கடினம் என்பது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். கை மட்டும் போதாது, கண்ணும் லைன் மேல் இருக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஜிக் இறங்கும்போது

கடிகளில் பெரும்பங்கு இங்கேதான் வரும், அதிலும் முதல் இறக்கத்தில். ஆனால் புதியவர்கள் அந்த நேரத்தில்தான் ரீலைச் சரிசெய்துகொண்டோ அடுத்து எங்கே வீசலாம் என்று பார்த்துக்கொண்டோ இருப்பார்கள்.

ஜிக் தண்ணீரைத் தொட்டதும் ஸ்பூலை (ரீலில் லைன் சுற்றியிருக்கும் உருளையை) உடனே பூட்டாதீர்கள். பூட்டினால் லைன் விறைத்து, ஜிக் ஊஞ்சல் போல உங்களை நோக்கி வளைந்து வரும்; குறிவைத்த கட்டையை விட்டு ஒரு மீட்டர் தள்ளி விழும். ஒன்றிரண்டு மீட்டர் லைனைக் கூடுதலாக விட்டு, ராடை 11 மணி நிலையில் பிடித்து, ஜிக் இறங்க இறங்க நுனியையும் கூடவே தாழ்த்துங்கள். (தண்ணீருக்குக் கிடைமட்டமாக முன்னே நீட்டினால் 9 மணி, தலைக்கு மேல் நேராக நின்றால் 12 மணி என்று கணக்கு.) கண் லைன் தண்ணீருக்குள் நுழையும் புள்ளியில். போலரைஸ்டு கண்ணாடி இருந்தால் அந்தப் புள்ளி தெளிவாகத் தெரியும்.

எண்ணிக்கை முடியும் முன்பே லைன் நின்றுவிட்டால் சந்தேகப்படுங்கள். எண்ணிக்கை முடிந்தும் போய்க்கொண்டே இருந்தால், ஒன்று அங்கே பள்ளம், அல்லது மீன் எடுத்துக்கொண்டு நகர்கிறது. லைன் ஒரு துள்ளு துள்ளினாலோ, நேராக இறங்காமல் பக்கவாட்டில் நடந்தாலோ, கேள்வியே வேண்டாம், அது மீன்.

அடியில் நகர்த்தும்போது

ஜிக்கை நகர்த்துவது ராடின் வேலை. ரீல் தளர்வை எடுக்க மட்டும். ரீலைச் சுற்றி ஜிக்கை நகர்த்தினால் கை சுற்றும் அதிர்விலேயே சின்னத் தட்டல்கள் கரைந்துவிடும். ராடை 9 மணியிலிருந்து பத்தரை வரை மெல்ல உயர்த்துங்கள். ஜிக் 15 முதல் 30 சென்டிமீட்டர் நகரும். 11 மணியைத் தாண்ட விடாதீர்கள். தாண்டியபின் கடி வந்தால் சுண்டி இழுக்க உங்களிடம் இடம் மிச்சம் இருக்காது. பிறகு நுனியைத் தாழ்த்தி, தளர்வைச் சுற்றி எடுத்து, நிறுத்துங்கள். வெயில் ஏறிய தண்ணீரில் 2 முதல் 5 விநாடி நிறுத்தினால் போதும். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால் 10 விநாடி, அதற்கும் மேல்.

பெயிட்காஸ்டிங் ரீலை உள்ளங்கையில் அணைத்துப் பிடித்து, ரீலுக்கு முன்னால் வரும் லைனை ஆட்காட்டி விரலின் மேல் படர விடுங்கள். ராட் வழியாக வராத சில தட்டல்கள் லைன் வழியாக விரலுக்கு வரும். இதற்குச் சில நாள் பழக்கம் தேவை. பழகியபின் விட முடியாது.

இந்தக் கட்டத்தில் வரும் கடிகளில் ‘டக்’ என்ற ஒற்றைத் தட்டல்தான் எளிது. ஒன்றுக்கு மேல், ‘டக்டக்டக்’ என்று படபடப்பாக வந்தால் பெரும்பாலும் புளூகில் போன்ற சின்ன மீன்கள் டிரெய்லரின் கொடுக்கைக் கொறிக்கின்றன, விட்டுவிடுங்கள். பாஸ் ஒருமுறை தட்டும், பிறகு அமைதி.

அடுத்தது சவசவத்த கனம். நிறுத்தியிருந்த ஜிக்கை அடுத்த முறை தூக்கும்போது, நனைந்த துணியை முள்ளில் மாட்டியது போல இருக்கும். தட்டல் எதுவும் வந்திருக்காது. குளிர்ந்த தண்ணீரில் இதுதான் வழக்கம், பெரிய மீன்கள் பலவும் இப்படித்தான் வரும். செடியோடு குழப்பிக்கொள்ள மிகவும் வாய்ப்புள்ளதும் இதுவே. இரண்டுக்கும் வித்தியாசம், செடியில் நீங்கள் நிறுத்தினால் கனமும் நிற்கும். மீனில் நீங்கள் நிறுத்தியபின்னும் கனம் ஏதோ ஒரு பக்கம் சாயும். ஆனால் அதைச் சோதிக்க உங்களுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் அனுமதி. அதற்கு மேல் சாய்த்தால் மீனும் உங்களைச் சோதித்து முடித்துத் துப்பிவிடும்.

மூன்றாவது, எதுவுமே இல்லாமை. ஜிக்கைத் தூக்குகிறீர்கள், கனமே இல்லை. லைன் அறுந்துவிட்டதா என்று தோன்றும். மீன் ஜிக்கைத் தூக்கிக்கொண்டு உங்களை நோக்கி வருகிறது. யோசிக்காமல் வேகமாகச் சுற்றி, கனம் தெரிந்த நொடியில் இழுங்கள். புதியவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இந்தக் கடியைத்தான்.

சந்தேகம் வந்தால் இழுக்கலாமா? திறந்த தரையிலும் சரளையிலும் தயங்காமல் இழுங்கள். பொய்யாகப் போனால் நட்டம் ஒரு வீச்சு மட்டும். கிளைகள் பின்னிய மரத்துக்குள் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஓங்கி இழுத்தால் ஜிக் கட்டையில் அறைந்து நிற்கும். அதை எடுக்கப் போனால் அந்த இடமே கலங்கிவிடும். கனம் அசையாமல் இருந்தால் இழுக்காதீர்கள். லைனைத் தளர்த்தி ராட் நுனியை மட்டும் படபடவென்று ஆட்டுங்கள், ஜிக் தானாகக் கழன்று விழும்.

முள்ளைப் பதிப்பது

1. கடி தெரிந்ததும் ராட் நுனியை மீன் இருக்கும் பக்கமாக, 9 மணிக்குத் தாழ்த்துங்கள். தாழ்த்தும்போதே ரீலை ஒன்றிலிருந்து மூன்று சுற்று வரை சுற்றித் தளர்வை எடுங்கள்.

2. கனம் கையில் தட்டுப்படத் தொடங்கும் இடத்தில் சுற்றுவதை நிறுத்துங்கள். லைன் தந்திபோல் விறைக்கும்வரை சுற்றினால் மீன் உணர்ந்துவிடும். முதல் இரண்டு படிக்கும் சேர்த்து ஒரு விநாடிதான்.

3. ஒரு கால் முன்னே இருக்கட்டும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும், ஒரு கை ரீலைச் சுற்றி, மறு கை ஹேண்டிலில். கட்டை விரல் ஸ்பூலை அழுத்தியிருக்கட்டும்.

4. 9 மணியிலிருந்து 12 மணி வரை, தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பும்படி ஒரே வீச்சாகச் சுண்டி இழுங்கள். வேகம் வீச்சின் தொடக்கத்தில் இருக்க வேண்டும். கைகளை நீட்டி வைத்துத் தலைக்கு மேல் கொண்டுபோனால் பார்க்கத்தான் பலமாக இருக்கும், முள்ளுக்குப் போய்ச் சேர்வது குறைவு.

5. வீச்சு முடிந்ததும் ராடைத் தாழ்த்தாமல் உடனே சுற்றத் தொடங்குங்கள். ‘பதிந்ததா’ என்று பார்க்க நுனியைத் தாழ்த்துவது, பதிந்த முள்ளை நீங்களே கழற்றிவிடுவது போல.

ஏன் இவ்வளவு பலம்? ஜிக்கின் முள் தடித்த கம்பி, 4/0 அல்லது 5/0 அளவு. அது நார்க்கற்றையை மடக்க வேண்டும், மீன் வாயை அழுத்தி மூடியிருந்தால் அந்தப் பிடியிலிருந்து ஜிக்கை நகர்த்த வேண்டும், பிறகு மேல்தாடையின் கெட்டிப் பகுதியில் முள் நுனிக்குப் பின்னால் உள்ள எதிர்க்கொக்கி வரை இறங்க வேண்டும். முள் மேல்நோக்கி நிற்பதால் சரியாகப் பதிந்த மீனில் பெரும்பாலும் மேல்வாயில்தான் அதைப் பார்ப்பீர்கள்.

மேலே சொன்னது நடுத்தரத் தூரத்துக்கு. செடிக்குள் 3 முதல் 5 மீட்டர் தூரத்தில் இறக்கும்போது முழு வீச்சு வேண்டாம். முன்கையால் மேல்நோக்கிக் குறுகிய வெட்டு. நோக்கம் மீனின் தலையை உடனே மேலே திருப்பிச் செடியை விட்டு வெளியே எடுப்பது. 25 மீட்டர் தள்ளிக் கடித்தால் லைன் நீளும் தூரமும் சேர்ந்துகொள்ளும். நீண்ட வீச்சும், முடிந்த கையோடு வேகமான சுற்றும் தேவை. 1/4 அவுன்ஸுக்குக் குறைந்த சிறு ஜிக்குகளை, ராடின் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீலில் 8 பவுண்டு லைனோடு போடும்போது இந்தப் பலமெல்லாம் கெடுதல். மெல்லிய கம்பி முள், சுற்றிக்கொண்டே ராடைப் பக்கவாட்டில் சாய்த்தாலே பதியும். சுண்டினால் லைன் போகும்.

தொய்ந்த லைனிலேயே சட்டென்று சுண்டிவிடுகிறவர்களும் உண்டு. பிரெய்டில் கிட்டத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். ஃப்ளோரோகார்பனில் பழகத் தொடங்குகிறவருக்கு அது முடிச்சை அறுக்கும் வழி. முதலில் தளர்வை எடுத்துப் பழகுங்கள்.

டிராக், அதாவது மீன் இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக், பற்றி ஒரு வார்த்தை. சுண்டும்போது ‘கிர்ர்’ என்று டிராக் ஓடினால் உங்கள் பலம் முள்ளுக்குப் போகவில்லை என்று அர்த்தம். 50 பவுண்டு பிரெய்டில் கையால் முடிந்தவரை இறுக்கிவிடலாம். 15 பவுண்டு ஃப்ளோரோகார்பனில் முழுக்க இறுக்காதீர்கள். சுண்டும்போது கட்டை விரலால் ஸ்பூலைப் பூட்டி, மீன் ஓடத் தொடங்கியதும் விரலை எடுங்கள். சோதித்துப் பார்க்க எளிய வழி, லைன் நுனியை ஒரு சுருள்வில் தராசில் கட்டி, 15 மீட்டர் தள்ளி நின்று சுண்டி, இன்னொருவரைத் தராசின் முள்ளைப் படிக்கச் சொல்வது. இருவரும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் நினைத்ததைவிடக் குறைந்த எண்தான் வரும். பிறகு தொய்வோடு ஒருமுறை, டிராக்கைத் தளர்த்தி ஒருமுறை செய்து பாருங்கள். இந்த இரண்டும் எவ்வளவு தின்றுவிடுகின்றன என்பது தராசிலேயே தெரியும்.

தவறும்போது ஜிக்கைப் படியுங்கள்

சுண்டினீர்கள், எதுவும் மாட்டவில்லை. ஜிக்கை எடுத்துப் பாருங்கள். டிரெய்லர் முள்ளின் தண்டிலிருந்து கீழே சரிந்திருந்தால் மீன் வாலைப் பிடித்திருக்கிறது. அடுத்த முறை அரை விநாடி பொறுங்கள், அல்லது டிரெய்லரின் முன்பக்கத்தில் 1 சென்டிமீட்டர் நறுக்கி ஜிக்கைக் குறுக்குங்கள். கொடுக்கு மட்டும் பிய்ந்திருந்தால் கொறிக்கும் சின்ன மீன். டிரெய்லரே சுருண்டு முள் நுனியை மூடியிருந்தால் குற்றம் மீனின் மேல் இல்லை.

மாட்டி, மூன்று விநாடி இழுத்து, பிறகு விடுபட்டதா? முள் பதியவே இல்லை. வாய் மூடியிருந்ததால் ஜிக் உள்ளே சிக்கி வந்தது. வீட் கார்ட், முள்ளின் கூர், டிராக், இந்த வரிசையில் பாருங்கள். நன்றாக மாட்டிய மீன் படகருகே துள்ளித் தப்பினால் லைன் தளர்ந்திருக்கிறது. மீன் மேலே வருவது தெரிந்தால் ராட் நுனியைத் தண்ணீர்ப் பக்கமாகத் தாழ்த்தி, சுற்றுவதை நிறுத்தாமல் வளைவைக் காப்பாற்றுங்கள்.

சுண்டும்போதே லைன் போனால் அறுந்த நுனியைப் பாருங்கள். பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது. சொரசொரப்பாக இருந்தால் கல்லிலோ கட்டையிலோ உரசி ஏற்கெனவே தேய்ந்திருந்தது. பாலோமர் முடிச்சு போதுமானது; ஃப்ளோரோகார்பனில் இறுக்கும் முன் எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள், உரசும் சூட்டில் லைன் பலமிழக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு மீட்டரை விரல்களுக்கு நடுவே ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அதற்கு மேலே வெட்டி மறுபடி கட்டுங்கள்.

கடியே தெரியாத நாள் என்றால் முதலில் காற்றைச் சந்தேகப்படுங்கள். பக்கக் காற்றில் லைன் வில்லாக வளைந்துவிடும். தட்டல் அந்த வளைவிலேயே தங்கிவிடும். காற்றை நேரே எதிர்கொண்டோ முதுகில் வாங்கியோ வீசுங்கள், ராட் நுனியைத் தண்ணீருக்கு அருகில் வையுங்கள், ஒரு படி கனமான ஜிக் கட்டுங்கள்.

பலமாகச் சுண்டி மீன் மாட்டாதபோது 14 கிராம் உலோகம் உங்கள் முகத்தை நோக்கி வரும். கண்ணாடி இல்லாமல் ஜிக் போடாதீர்கள். நேர் மேலாகச் சுண்டாமல் ஒரு தோளுக்கு மேலாகச் சாய்த்துச் சுண்டினால் ஜிக்கும் பக்கவாட்டில் போகும். பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதை வீசும் முன்பே பார்த்துவிடுங்கள். கடி வந்தபின் பார்க்க நேரம் இருக்காது.

ஒரு மீனைத் தவறவிட்டால் உடனே ஜிக்கைக் கரைக்கு இழுக்காதீர்கள். முள் உரசாத மீன் பல நேரம் அதே இடத்தில்தான் நிற்கும். சுண்டியபின் ஜிக் இன்னும் தண்ணீருக்குள் இருந்தால் லைனைத் தளர்த்தி அங்கேயே விழ விடுங்கள், பத்து எண்ணுங்கள், கண்ணை லைனிலிருந்து எடுக்காதீர்கள். வெளியே வந்துவிட்டிருந்தால் டிரெய்லரை நேராக்கிவிட்டு, அதே இடத்துக்கு ஒரு மீட்டர் தள்ளி வீசி, தட்டல் வந்த இடத்தின் மேல் மெல்ல இழுத்துவந்து நிறுத்துங்கள்.